அருள்மேரியின் வண்டிக்கு வேறு பேட்டரி

1

காரைக்காலில் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரிந்திருக்கும். போலகத்தில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். மீன் லாரியில் கிளீனராக ஏறி, அதே லாரிக்கு டிரைவர் ஆனவன். இன்றைக்குப் பாரீஸுக்குப் பக்கத்தில் சொந்த வீட்டில், சொந்த மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தெரியாத மீதிப் பாதிப் பேர் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். பாரீஸில் முப்பது வருஷத்துக்குக் கிட்ட டாக்ஸி ஓட்டினேன். படித்தவர்கள் எழுதுகிற மாதிரி எனக்கு எழுத வராது. ஆனால் அந்த நகரத்தில் எந்தச் சந்து எந்தத் தெருவில் போய் முட்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

போன மாதம் எங்கள் வண்டி நடுரோட்டில் நின்றுபோனது. இது ஒரு சமாசாரமா என்று கேட்பீர்கள். சமாசாரம்தான். கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ்ப் பூசை முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டியது என் சம்சாரம் அருள்மேரி. நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். திடீரென்று வண்டியின் முகப்பில் சிவப்பாக ஒரு முக்கோண விளக்கு எரிந்தது. பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி வேகம் குறைந்தது. அருள்மேரி பதறவில்லை. சைகை விளக்கைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். அவ்வளவுதான், வண்டி அடங்கிவிட்டது.

நான் கீழே இறங்கினேன். நடந்து போன இரண்டு வாலிபர்களைக் கையைக் காட்டிக் கூப்பிட்டேன்.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் உள்ளேயிருந்து.

"தள்ளப் போறோம். நீ சாவியப் போட்டு ரெடியா இரு."

"இது தள்ளி ஸ்டார்ட் ஆவுற வண்டி இல்லங்க."

"இத்தன வருஷம் ஓட்டுனவனுக்கு நீ சொல்றியா?"

தள்ளினோம். அந்தப் பையன்கள் நல்ல பையன்கள், மூச்சு வாங்கத் தள்ளினார்கள். வண்டி உருண்டதே தவிர உயிர் வரவில்லை. அருள்மேரி கண்ணாடியை இறக்கி அவர்களுக்குப் பிரெஞ்சில் நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, என்னைப் பார்த்து, "ஏறுங்க, வெயில்ல நிக்காதிங்க" என்றாள்.

ஊரில் இருந்தபோது எங்கள் மீன் லாரிக்குப் பேட்டரி எப்போதும் சீக்குதான். காரைக்கால் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நின்றுவிட்டால், டீ குடித்துக்கொண்டிருக்கிறவர்கள் கிளாஸை வைத்துவிட்டு வருவார்கள். யார் எவர் என்று கேட்க மாட்டார்கள். பத்துக் கை சேர்ந்து தள்ளினால் லாரி இருமிக்கொண்டே கிளம்பும். பேட்டரி முனையில் பச்சையாகக் களிம்பு பிடித்தால் வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, கிரீஸ் தடவுவேன். எனக்குத் தெரிந்த பேட்டரி வைத்தியம் அது. அந்த வைத்தியம் இந்த வண்டியிடம் பலிக்காது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

2

நான் என் கையையே ஊன்றி எழுந்தவன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, மற்றவர்களுக்கும் இருக்கக் கூடாது. ஓட்டலில் தட்டுக் கழுவினேன், மூட்டை தூக்கினேன், டாக்ஸி பரீட்சைக்குத் தெருப் பெயர்களை ஜெபம் மாதிரி மனப்பாடம் செய்தேன். ஆனால் விமானத்தில் ஏற எனக்கு வழி கொடுத்தது யார் என்றால், அருள்மேரிதான்.

அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அதனால் அவளுக்கு நேஷனாலிட்டி, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை, இருந்தது. அந்தக் காலத்தில் காரைக்காலில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு டாக்டர் மாப்பிள்ளை, இன்ஜினியர் மாப்பிள்ளை எல்லாம் வரிசையில் நிற்பார்கள். அவளோ, ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டு மாதா கோயில் தெருவழியாகப் போகிற லாரிக்காரனைப் பார்த்து, அப்பாவிடம் அடம்பிடித்துக் கட்டிக்கொண்டாள். "நேஷனாலிட்டிக்காகக் கட்டிக்கிட்டான்" என்று என் காதுபடப் பேசினார்கள். பேசட்டும். அவர்களெல்லாம் இன்னும் காரைக்காலில்தான் இருக்கிறார்கள். நல்லா இருக்கட்டும்.

இங்கே வந்த பிறகு நான் ஓட்டினேன், அவள் பின் சீட்டில் உட்கார்ந்தாள். டாக்ஸியில் ஏறுகிறவர்கள் பின்னால்தான் உட்காருவார்கள். அந்தப் பழக்கத்தில் அவளும் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். நானும் அதைக் கவனித்தது கிடையாது. எங்கே போக வேண்டுமானாலும் என் வேலை முடிகிற வரைக்கும் வீட்டில் ஜன்னல் ஓரத்தில் காத்திருப்பாள்.

3

நான்கு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை என் வலது கண்ணைப் பிடித்தது. கண் டாக்டர் ஒரு பெண். என் பேத்தி வயசுதான் இருக்கும். "ஐயா, இனிமேல் நீங்கள் ஓட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். நான் டாக்ஸிக்காரன் என்று சொன்னேன். அதனால்தான் சொல்கிறேன் என்றாள். அன்றைக்கு அவள்மேல் வந்த கோபத்தை எழுதினால் இந்தப் பக்கம் பற்றிக்கொள்ளும். இன்றைக்கு அவளுக்கு நன்றி சொல்கிறேன். மிச்சமிருக்கிற பார்வை அவள் போடுகிற ஊசியில் நிற்கிறது. அதற்கு என்னிடம் யாரும் பணம் கேட்டதில்லை.

டாக்ஸியாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை விற்றுவிடலாம் என்று நான் சொன்னபோது அருள்மேரி, "நான் கத்துக்குறேன்" என்றாள்.

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கியர் மாற்றத் தேவையில்லாத வண்டிகளுக்கு மட்டும் என்று இங்கே தனி லைசென்ஸ் உண்டு. எங்கள் வண்டி அந்த வகை. சாலை விதிப் புத்தகத்தை அடுப்படியில் வைத்துப் படித்தாள். நான் பார்த்தால் மூடிவிடுவாள். ஓட்டும் பரீட்சையில் மறுபடி மறுபடி தோற்றாள். ரவுண்டானாவுக்குள் நுழையப் பயந்து, வருகிறவர்களுக்கெல்லாம் வழி விட்டுக்கொண்டு நின்றதாகப் பரீட்சைக்காரர் எழுதியிருந்தார். ஒரு நாள் பேப்பரை நீட்டினாள். பாஸ்.

அதற்குப் பிறகு என் வீட்டில் வேறொரு அருள்மேரி நடமாட ஆரம்பித்தாள். என் கண் ஆஸ்பத்திரிக்கு அவள்தான் ஓட்டினாள். ஜெபக் கூட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு மீன் சந்தைக்குப் போனாள். சத்தமாகச் சிரித்தாள். இந்த நாட்டில் இத்தனை வருஷம் இருந்தும் அவள் சிரிப்புக்கு அவ்வளவு சத்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது.

ஆகவே, ரோட்டோரத்தில் நின்றது வெறும் வண்டி இல்லை. அவளுக்கு வேறு வண்டியில் கை ஓடாது. அவளே சொல்லியிருக்கிறாள். இது போனால் அவள் மறுபடியும் ஜன்னல் ஓரத்துக்குப் போய்விடுவாள்.

4

மறுநாள் கம்பெனிப் பட்டறைக்கு நானே போன் செய்தேன். என் பிரெஞ்சு, டாக்ஸிக்குள் பேசுவதற்கு ராஜா; போனில் கொஞ்சம் தடுமாறும். அவசரத்தில் 'என் மனைவியின் வண்டி' என்பதில் வண்டியை விழுங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நடுரோட்டில் செத்துப்போனது, எப்போது எடுத்துக்கொண்டு வரலாம் என்று கேட்டேன். அந்தப் பக்கம் இருந்த பெண் ஆழ்ந்த அனுதாபம் சொன்னாள். அருள்மேரி போனைப் பிடுங்கி, தான் உயிரோடு இருப்பதைத் தெரிவித்துவிட்டு மிச்சத்தைப் பேசினாள்.

இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடுகிற ஹைபிரிட் வண்டிக்கு இரண்டு பேட்டரி. சின்னது நம் ஊர் வண்டியில் இருக்கிற மாதிரி. பெரியது பின் சீட்டுக்குப் பின்னால் டிரங்குப் பெட்டி மாதிரி படுத்திருக்கும். பெரியதுதான் போய்விட்டது. புதிது போடலாம், ஆனால் இந்த வயசான வண்டிக்கு அவ்வளவு செலவு செய்யாதீர்கள், பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள்.

லியோனில் இருக்கிற என் மகன் பிலிப் அன்றைக்கே போன் செய்தான். அவன் பிரெஞ்சுக்காரியைக் கட்டியிருக்கிறான். தமிழ் பேசுவான், நடுநடுவே நின்று யோசிப்பான்.

"அப்பா, விட்டுடு. நல்ல டைம்ல நின்னுச்சு. அம்மாவுக்கும் வயசாகுது, நீ பக்கத்துல உக்காந்து கத்துற. பஸ் இருக்கு, டிராம் இருக்கு."

"நான் எப்படா கத்துனேன்?"

"இப்ப."

நல்ல பிள்ளை. அக்கறையில் சொல்கிறான். பழைய வண்டியைக் கொடுத்தால் அரசாங்கம் ஏதோ உதவித்தொகை தருமாம். அதற்கு இன்டர்நெட்டில் பதினெட்டு கேள்விக்குப் பதில் எழுதி, எல்லாம் முடித்து, கையெழுத்துப் போட மட்டும் மெயிலில் பேப்பர் அனுப்பியிருந்தான். வண்டியை அருள்மேரி பேருக்கு மாற்றியிருந்தேன். அவள் கையெழுத்துத்தான் வேண்டும். இந்த நாட்டில் பிறந்ததிலிருந்து சாகிற வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஒரு பேப்பர் உண்டு. பெற்றவர்களுக்கு அதை நிரப்பித் தருகிற அளவுக்குப் பிள்ளை வளர்ந்திருக்கிறானே என்று சந்தோஷப்பட்டேன். பேப்பரை அவளிடம் காட்டாமல், யூசுப்புக்குப் போன் போட்டேன்.

5

யூசுப் திருமலைராயன்பட்டினத்துக்காரர். ஊர்க் கணக்கில் எனக்குச் சைக்கிள் தூரத்துச் சொந்தம். பாரீஸுக்கு வடக்கே பட்டறை வைத்திருக்கிறார். டாக்ஸிக்காரர்களின் ஹைபிரிட் வண்டிகளெல்லாம் அவரிடம்தான் வரும். அவரும் என்னை மாதிரி தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்கிறவர். இரண்டு பேரும் சேர்ந்தால் பக்கத்தில் இருக்கிறவன் பாவம்.

"அண்ணே, கம்பெனிக்காரன் முடியாதுன்னு சொன்ன வண்டி எத்தன என்கிட்ட ஓடிட்டு இருக்கு தெரியுமா? இன்ஷா அல்லாஹ், ஒங்களதும் ஓடும்."

வண்டியைத் தன் பட்டறைக்கு இழுத்து வரவைத்தார். ரப்பர் கையுறையை மாட்டி, பின் சீட்டைக் கழற்றி, பேட்டரிப் பெட்டியின் மூடியை எடுத்தார். நான் குனிந்தேன்.

"கிட்ட வராதிய அண்ணே. இது அடிச்சா டிக்கெட்டு நேரா ஒங்க மோட்சத்துக்குத்தான்."

உள்ளே செல்களை ஒன்றோடு ஒன்று சேர்க்கிற செம்புப் பட்டைகள் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தன. அந்தக் களிம்பைப் பார்த்ததும் எனக்குப் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. யூசுப்புக்கோ புருவம் சுருங்கியது. மூலையில் வெள்ளையாக எதுவோ கட்டிதட்டிக் கிடந்ததைக் காட்டினார்.

"வண்டிய எங்க நிறுத்துறிய? கடக்கரையிலயா?"

"பாரீஸ்ல ஏது தம்பி கடக்கரை?"

"பின்ன இந்த உப்பு எங்கேருந்து வந்துச்சு?"

விரலால் கிளறினார். கறுப்பாக ஒரு உருண்டை வந்தது. முகர்ந்து பார்த்தார்.

"மிளகு! உப்பும் மிளகும். உள்ளார ஆம்லெட் ஏதும் போட்டியளா அண்ணே?"

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் ஊர்க் கத்தோலிக்கர்களுக்கு இது தெரியும். மாதாவுக்கு உப்பும் மிளகும் காணிக்கை வைப்போம். சாமியார் மந்திரித்துக் கொடுத்ததில் ஒரு பிடியை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆபத்து அண்டாமல் இருக்க நிலைப்படியில், அரிசிப் பானையில் போட்டு வைப்போம். பின் சீட்டு ஓரத்தில் ஜன்னல் கம்பி மாதிரி சின்னச் சின்னத் திறப்பு இருக்கிறது. அதன் வழியாக ஒரு விசிறி காற்றை இழுத்துப் பேட்டரியைக் குளிர வைக்கிறதாம். அந்தத் திறப்புக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்து வந்தது யார் என்று யூசுப்புக்குச் சொன்னேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அக்காவ ஒண்ணும் சொல்லாதிய" என்றார். "வயசான வண்டி. உப்பு கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுடுச்சு, அவ்வளவுதான்."

அடிபட்ட வேறொரு வண்டியிலிருந்து எடுத்து, கெட்ட செல்களை மாற்றிச் சரிசெய்த பேட்டரி ஒன்று தன்னிடம் இருப்பதாகவும், போட்டுக் கொடுப்பதாகவும் சொன்னார். போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

6

வீட்டில் அருள்மேரி மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வண்டிக்குள்ள உப்பு போட்டியா?" என்றேன்.

கத்தி நின்றது. "எந்த உப்பு?"

"மிளகும் இருந்துச்சு."

அவள் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

"நீங்க நாளெல்லாம் கண்ட கண்ட ஆளுங்கள ஏத்திக்கிட்டுத் திரிவீங்க. பனி கொட்டும். நான் இங்க உக்காந்து என்னத்தப் பண்ணுவேன்? ஊருக்குப் போயிட்டு வரும்போதெல்லாம் ஒரு பிடி கொண்டாந்து போட்டேன். முன்னாடி வச்சா ஏறுறவங்க சிரிப்பாங்க. அது சும்மா கெடக்குற ஓட்டைன்னு நெனச்சேன். நம்ம மாடத்துல வைக்குற மாதிரி..."

நான் சிரித்தேன். சந்தோஷத்தில்தான் சிரித்தேன். இத்தனை வருஷம் முதுகுக்குப் பின்னால் இப்படி ஒரு காவல் இருந்திருக்கிறதே என்ற சந்தோஷம். அவளுக்கு அது வேறு மாதிரி கேட்டுவிட்டது. தன்னிடம் இருந்த இன்னொரு சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"பிலிப்பு ஒரு பேப்பர் அனுப்பியிருக்கானாமே. எடுங்க, கையெழுத்துப் போட்டுடுறேன்."

"யூசுப் வேற பேட்டரி போடுறாரு."

"வேணாங்க. உள்ள என்ன இருக்குன்னே தெரியாம ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேன். நாலு பொம்பளைங்கள வேற ஏத்திக்கிட்டு. ஓரமா நின்னுச்சு, சரி. பெரிய ரோட்டுல நின்னிருந்தா? பின்னாடி லாரி வந்திருந்தா?"

"நிக்கலியே."

"நான்தாங்க அத கொன்னுட்டேன். இனிமே தொட மாட்டேன்."

பேப்பரை அச்செடுக்க மெஷினில் மை இல்லை என்று சொன்னேன். மை இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் வெளியே போகவில்லை. ஜெபக் கூட்டத்துப் பெண் ஒருத்தி போன் செய்து, "சந்தைக்கு எப்பக்கா போறோம்?" என்று கேட்டாள். "நீங்க பஸ்ல போயிட்டு வந்துடுங்க" என்று இவள் சொல்லிவிட்டாள். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். நான் அதைப் பார்க்க மாட்டாமல், தெரிகிற ஒரு கண்ணையும் அந்தப் பக்கம் திருப்பாமலே இருந்தேன்.

7

வண்டி தயார் என்று யூசுப் போன் செய்தார். "சும்மா துணைக்கு வா, யூசுப்புக்குக் கொஞ்சம் மீன் குழம்பு எடுத்துக்கோ" என்று சொல்லி அருள்மேரியைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். வண்டியை யூசுப்பின் ஆள் ஒருவன் வீட்டில் கொண்டுவந்து விடுவான் என்று அவள் நினைத்திருந்தாள்.

யூசுப் பொத்தானை அழுத்தினார். முகப்பில் பச்சை விளக்கு வந்தது. சத்தமே இல்லை. ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத இந்த அமைதிக்கு நான் இன்னும் பழகவில்லை. ஆனால் அருள்மேரியின் முகம் ஒரு கணம் மலர்ந்ததைப் பார்த்தேன். உடனே மூடிக்கொண்டாள். சுற்றிப்போய்ப் பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். சீட்டைப் பின்னால் தள்ளினேன். கண்ணாடியைத் திருப்பினேன்.

"என்னங்க பண்றீங்க?"

"வீட்டுக்குப் போறோம்."

"கண்ணு?"

"இன்னொண்ணு நல்லாத்தானே இருக்கு."

"வெளையாடாதிங்க."

"நான் லாரி ஓட்டுனவன். டாக்ஸி ஓட்டுனவன். நீ தொட மாட்டேன்னுட்ட. பிலிப்பு லியோன்ல இருக்கான். வண்டி என்ன பறந்தா வரும்? பெல்ட்டப் போடு."

யூசுப் கேட்டுக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றுகொண்டார். "அண்ணே, நான் கேட்டத் தொறக்க மாட்டேன்! என் பட்டறையில மௌத்து விழுந்துச்சுன்னு எனக்குக் கெட்ட பேரு வேணாம்!"

"தள்ளிக்க தம்பி. ஒன் மேலதான் மொதல்ல ஏத்துவேன்."

நிஜமாகவே ஓட்டியிருப்பேனா என்று கேட்பீர்கள். என்னைத் தெரிந்தவர்களுக்குப் பதில் தெரியும். அருள்மேரிக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். என் கை கியர் பிடியில் படுவதற்கு முன்னால் அவள் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

"எறங்குங்க."

"நீதான் தொட மாட்டேன்ன?"

"எறங்குங்கன்னு சொல்றேன்ல! தாலிய அறுக்காம விட மாட்டிங்களா!"

இறங்கினேன். அவள் உட்கார்ந்து, நான் கலைத்ததையெல்லாம் சரிசெய்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு யூசுப்பைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இங்க வாங்க. அந்தக் காத்து எங்க போவுது, எங்க வருது, எல்லாத்தையும் எனக்குக் காட்டுங்க."

யூசுப் பின் கதவைத் திறந்து காட்டினார். திறப்பின்மேல் மெல்லிய வலை ஒன்று பொருத்தியிருந்தார். விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம், வலையை எப்போது துடைக்க வேண்டும், அதை எதுவும் மூடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அப்ப உப்ப எங்க வைக்குறது?" என்றாள்.

"மூடி போட்ட டப்பாவுல போட்டுக் கதவுப் பையில வைங்க அக்கா. மாதாவும் கோச்சுக்க மாட்டாங்க, பேட்டரியும் கோச்சுக்காது."

யூசுப் கேட்டைத் திறந்தார். வெளியே வந்ததும் ஒரு ரவுண்டானா. நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க பேசுனா நிறுத்திடுவேன்" என்றாள்.

நான் பேசவில்லை. நான் பேசாமல் வந்த அந்தப் பயணத்தைப் பிலிப்பிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. "அப்ப பேப்பர்?" என்று மட்டும் கேட்டான். "மை வாங்கல" என்றேன். சிரித்தான். அவன் அம்மா சிரிப்பு.

8

இன்றைக்குச் சனிக்கிழமை. விளம்பரம் இல்லாமல் சொல்கிறேன், இந்த வாழ்க்கையில் எனக்குக் கிடைக்காதது என்று எதுவும் இல்லை. தட்டுக் கழுவினவனுக்கு வீடு கொடுத்த நாடு, கண்ணைக் காப்பாற்றின டாக்டர், பேப்பர் நிரப்புகிற பிள்ளை, மீன் குழம்புக்கு மயங்குகிற யூசுப். அந்த உப்பையும் சேர்த்துச் சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் என் வண்டி யாரையும் இடித்ததில்லை, என்னையும் எவரும் இடித்ததில்லை. என் திறமை என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். இனிமேல் கொஞ்சம் குறைத்துச் சொல்ல வேண்டும்.

அருள்மேரி காலையிலேயே மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனாள். மத்தியானம் வந்துவிடுவேன் என்றாள். இப்போதுதான் போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல், சிரிப்பு. அந்தப் பெண்களில் ஒருத்திக்குப் பேரன் பிறந்திருக்கிறானாம், அப்படியே பெரிய ரோட்டில் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்களாம்.

"ரசம் இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க. எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காதிங்க" என்றாள்.

ரசத்தைச் சூடு செய்து, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வாசலில் வண்டி நிற்கிற இடம் காலியாகக் கிடக்கிறது. ஆண்டவருக்குத் தோத்திரம்.